கையுறை கொடுத்த தொண்ணூறு

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்து, வழக்கம்போல முற்றத்து மழைமானியைப் பார்த்தேன். நான்கு மில்லிமீற்றர். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உதவியாளன். வாய்க்கால்களில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்து எழுதுவதே என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். மனைவி ஹாஜறா வைத்துவிட்டுப் போன பிளேன்டீயை ஆறுவதற்கு முன் குடித்தேன். பிறகு மழை அளவை எழுதப் பேனையை எடுத்தேன்.

பேனை விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. இரவு கையின் மேல் படுத்திருப்பேன், விறைத்துவிட்டது என்று நினைத்தேன். ஹாஜறாவைக் கூப்பிட்டேன். வந்தது அவளுடைய பெயர் அல்ல, ஏதோ ஒரு சத்தம். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, வாய் ஒரு பக்கம் போகுது!"

என் வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். டொக்டர்மார் பிறகு சொன்னதெல்லாம் அந்த ஒரு வசனத்தின் விளக்கம். பாரிசவாதம் என்கிற பக்கவாதம் வந்தவர்களும் அவர்களை வைத்துப் பார்ப்பவர்களும் கேட்டதால் இதை எழுதுகிறேன். இடது கைப் பெருவிரலால் போனில் தட்டி எழுதுவதால் எழுதி முடிக்கப் பல நாட்கள் எடுத்தன.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது. பலருக்கு அது தெரிவதில்லையாம். எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் மழைமானியை நான் தினமும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறேன். நான் குழறினேன், ஹாஜறா திருத்திச் சொன்னாள். நேரத்தை ஏன் கேட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது: இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஓர் ஊசி இருக்கிறது, அதை முதல் சில மணித்தியாலங்களுக்குள் மட்டுமே போடலாம். பிந்தினால் நன்மையைவிட ஆபத்து அதிகம், மூளைக்குள் இரத்தம் கசியலாம். ஸ்கேன் எடுத்துக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகு, ஹாஜறாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டார்கள்.

டொக்டர் படம் வரைந்து விளக்கினார். நான் என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு அடைத்துக்கொண்டால் அதற்குக் கீழே உள்ள வயல் காயும். கதவைத் திறந்தாலும், காய்ந்த பயிர் எல்லாம் எழும்பாது. எனக்குக் காய்ந்தது மூளையின் இடது பக்கத்தில் ஒரு துண்டு. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதால், போனது என் வலது கை, வலது கால், கொஞ்சம் பேச்சு.

வாட்டில் முதல் நாள் தண்ணீர்கூடத் தரவில்லை. தாதி மிஸ்ஸி ஒரு தேக்கரண்டி தண்ணீரை வாயில் விட்டு, நான் விழுங்குவதையும் இருமுவதையும் கவனித்தார். விழுங்கும் தசை பலவீனமானால் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறிவிடுமாம். எனக்கு அது புதிராக இருந்தது. ஆள் தாகத்தில் செத்தாலும் இவர்கள் கரண்டிக் கணக்கு விட மாட்டார்களோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கரைத்த சோறு தந்தார்கள். ஹாஜறா ஊட்டினாள், வலது பக்கத்தால் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தாள். யாரும் பார்க்காத மாதிரித் துடைப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒலுவில் துறைமுகத்தில் போட் வைத்திருக்கும் ஒருவர். அவருக்கு இதே வருத்தம், இடது பக்கம்.

"காக்கா, கவலைப்படாதீங்க," என்று என்னை அண்ணனாக்கிச் சொன்னார். "உங்கட இடதும் என்ட வலதும் சேந்தா ஒரு தோணிய தண்ணிக்குள்ள தள்ளலாம்."

நான் சிரித்தேன். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

என் பயம் உயிரைப் பற்றியதாக இருந்தது முதல் மூன்று நாட்கள்தான். அதன் பிறகு பயம் முழுவதும் வலது கைக்குப் போய்விட்டது. காரணம், என் ஒரே மகள் ஸீனத்துக்கு நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் வைத்திருந்தோம். நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து வலது கையைக் கோர்த்துக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்தபடியே, மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று வாப்பா சொல்வார், ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொல்வார். இடது கை கொடுக்கிற வேலை இல்லை அது. வாப்பாவுக்கு ஏலாவிட்டால் இன்னொருவரைத் தன் சார்பில் நியமிக்கலாம். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் யார் என்பது எனக்குத் தெரியும்: என் தம்பி ஜவாத்.

ஜவாத் ஒரு நாள் பழங்களோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான்:

"காக்கா, கையப் பத்தி யோசிக்காதீங்க. வாயால சொன்னாலே நிக்காஹ் கூடும் எண்டு மௌலவி சொல்றார்."

"மௌலவிட்ட என்னத்துக்குப் போய்க் கேட்ட? நான் கேக்கச் சொன்னனா?"

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"அந்தப் பைக்குள்ள என்ன?"

"ஷேர்ட் துணி."

"கல்யாணத்துக்கு நிறைய நாள் இரிக்கி. இப்பவே என்ன அவசரம்?"

அவன் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். அன்றிலிருந்து யார் என்னைப் பார்க்க வந்தாலும், அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஒரு பொல்லை ஊன்றி நடக்க முடிந்தது. கை மட்டும் துவாய்த் துண்டு மாதிரித் தொங்கியது. ஓட்டோவில் போய்வரும் தூரத்தில் ஒரு புனர்வாழ்வுப் பிரிவு இருந்தது. அங்கே என்னைப் பொறுப்பேற்றவர் காரைதீவைச் சேர்ந்த இயன்மருத்துவர், சுகந்தி மிஸ். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், குரல் மட்டும் தலைமை ஆசிரியை மாதிரி. அவர்தான் என் கையை இயந்திரத்துக்குள் விட்டார்.

அது கறுப்பு நிறக் கையுறை. ஒவ்வொரு விரலின் முதுகிலும் மெல்லிய குழாய். குழாய்க்குள் காற்று ஏறினால் விரல் மடங்கும், இறங்கினால் விரியும். முழங்கைக்குக் கீழே இரண்டு ஒட்டுப் பட்டைகள். மூளையிலிருந்து தசைக்கு வரும் சின்ன மின் அதிர்வை அவை பிடிக்குமாம். முன்னால் ஒரு திரை. திரையில் மாமரம். நான் கையை மூடினால் ஒரு மாம்பழம் கூடைக்குள் விழும், விரித்தால் அடுத்த பழம் தொங்கும். முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி காட்டும். ஒரு பெண் குரல் "மிக நன்று" என்று சொல்லும். அது எங்கள் பக்கத்துக் குரல் இல்லை. இங்கே யாரும் யாரையும் மிக நன்று என்று பாராட்டியது கிடையாது.

"இது என்னத்துக்கு மிஸ்? நேரா கையப் பிடிச்சிப் பயிற்சி தர ஏலாதா?"

"நான் பிடிச்சா ஒரு நாளைக்கு இருபது தரம் மடக்குவன் சேர், பிறகு எனக்குக் கை வலிக்கும். இது நூறு தரம் மடக்கும். திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் மூளை புது வழி தேடும்."

"இது காட்டுற புள்ளி எங்க போகுது?"

"எங்கட கம்பியூட்டருக்கு. பிறகு இத இரவல் தந்த ஆக்களுக்கு."

"அவங்களுக்கு என்ட கையால என்ன லாபம்?"

அவர் பட்டையைச் சரிசெய்தார். நான் அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

முதல் கிழமை பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து என்றுதான் வந்தது. கூடை காலி. நோன்பு வேறு தொடங்கியிருந்தது. மாத்திரைகளுக்காக என்னை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வீடே நோன்போடு இருக்க, நான் அறைக்குள் இருந்து பகல் சோறு தின்ன வேண்டும். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். ஸீனத் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள், நான் திரும்ப மாட்டேன்.

இரண்டாம் கிழமை திடீரென்று தொண்ணூறு வந்தது.

மாம்பழங்கள் மழை மாதிரி விழுந்தன. மறுநாளும் தொண்ணூறு. ஸீனத் திரையைப் படமெடுத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினாள். கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் மாஷா அல்லாஹ் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா வட்டிலப்பம் அனுப்பினார். நானும் அன்று வயிறாரச் சாப்பிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் வீட்டில், தொண்ணூறு எடுத்த அதே கையால் ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் பிடிக்க முடியவில்லை. மூடியை உள்ளங்கையில் வைத்தேன், உருண்டு போனது. இரண்டு நாட்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

வேலையில் ஓர் அளவுகோல் சரியா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வது ஒன்றுதான். மேலே துருசுக் கதவை முழுவதும் மூடிவிட்டு, கீழே அளவுகோல் இறங்குகிறதா என்று பார்ப்போம். தண்ணீர் நின்ற பிறகும் பழைய அளவையே காட்டினால் அந்த அளவுகோலைக் கழற்றி வீச வேண்டியதுதான்.

அடுத்த முறை கையுறையைப் போட்டவுடன் நான் கதவை மூடினேன். கைக்கு ஒரு கட்டளையும் கொடுக்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே, எங்கள் பிரதான வாய்க்காலில் வரும் துருசுகளின் பெயர்களை மேலிருந்து கீழாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின. மாம்பழம் விழுந்தது.

தொண்ணூற்றொன்று. "மிக நன்று."

"மிஸ்," என்றேன். "நான் ஒண்டுமே செய்யல்ல."

"என்ன சேர்?"

"நான் கைய அசைக்க நினைக்கவே இல்ல. துருசு எண்ணிக்கிட்டு இருந்த. இது தானா மடக்கி, தானா விரிச்சி, தனக்குத் தானே புள்ளியும் போட்டிரிக்கி."

சுகந்தி மிஸ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதிரையில் இருந்த ஹாஜறாவைப் பார்த்தார். நான் கழுத்தைத் திருப்பினேன். ஹாஜறா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் செஞ்ச வேலை இது?"

மிஸ் கையுறையைக் கழற்றாமல் விளக்கினார். அந்த இயந்திரத்துக்கு மூன்று படி இருக்கிறது. ஒன்றில் அது எல்லாவற்றையும் தானே செய்யும். இன்னொன்றில், தசையிலிருந்து அதிர்வு வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு உதவும். மூன்றாவதில் உதவவே உதவாது, அளக்க மட்டும் செய்யும். முதல் கிழமை என்னை நடுப் படியில் வைத்திருந்தார். அதன் பிறகு முதல் படிக்கு இறக்கிவிட்டார்.

"பொய்யில்ல சேர். கை அசைஞ்சது உண்மைதானே? மூட்டு இறுகாம இருக்கிறதுக்கு அதுவும் நல்லம். அசைச்சது நீங்க இல்ல, அவ்வளவுதான்."

"அதத்தான் மிஸ் நாங்க பொய் எண்டு சொல்ற."

"நான்தான் கேட்ட," என்றாள் ஹாஜறா. தரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "தங்கச்சி, கொஞ்சம் லேசாக்குங்க, அவர் மனமுடைஞ்சி போறார் எண்டு நான்தான் சொன்ன. ரெண்டு வாய் சோறு திங்காம சுவரப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்க. புள்ளையோட கதைக்கல்ல. நான் வேறென்ன செய்ற? மிஷினுக்கு முன்னால உங்கள அழவா உடுற?"

நான் சுகந்தி மிஸ்ஸிடம், அளக்க மட்டும் செய்யும் படியில் வைக்கச் சொன்னேன். வைத்தார். நான் முழுப் பலத்தையும் கொடுத்தேன், நெற்றியில் வியர்த்தது. ஒரே ஒரு மாம்பழம் காம்பில் ஆடிவிட்டு விழுந்தது.

ஒன்பது. குரல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒன்பதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அன்று இரவு சோறு இறங்கியது.

பிறகு நான் உண்மையாகவே முன்னேறினேன், மெதுவாக. ஆனால் சந்தேகம் திரும்பிப் போகவில்லை. ஒரு முறை என்னிடம் மறைத்தவர்கள் இன்னும் எதை மறைக்கிறார்கள் என்றே யோசித்தேன். சுகந்தி மிஸ் அடிக்கடி ஒன்றைச் சொன்னார்:

"சேர், இந்த வருத்தத்தில பிடிக்கிற தசைதான் முதல் வரும். வந்து, இறுகியும் போயிரும். விரிக்கிறது பிந்தித்தான் வரும். நாங்க விரிக்கிறதுக்குத்தான் கூட நேரம் குடுக்கணும்."

அவர் கையுறையை விரிக்கும் பயிற்சிக்கு மாற்றினார். அதில் விரலைத் தூக்குவது அனேகமாகக் காற்றுக் குழாய்தான். மறுபடியும் மிஷின் என்னை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு வேண்டியது பிடி. நிக்காஹ்வில் யாரும் என் விரல்களை விரித்துக் காட்டச் சொல்லப் போவதில்லை. அங்கே கடமைக்குச் செய்துவிட்டு, வீட்டில் என் சொந்தப் பயிற்சியைத் தொடங்கினேன். திரையில்லாத, புள்ளியில்லாத பயிற்சி. ஓர் உயிருள்ள கை.

அந்தக் கைக்கு ஜவாத்தைத்தான் கூப்பிட்டேன். என் இடத்தில் உட்கார நினைத்தவன் கையிலேயே பழகிக்கொள்வோம் என்ற எண்ணமும் இருந்தது. மாலையில் அசர் தொழுதுவிட்டு அவன் தினமும் வந்தான். எதிரெதிரே உட்காருவோம்.

"பிடிங்க காக்கா. இன்னும். இதென்ன, பூப் பறிக்கிற மாதிரி?"

"இரு, இரு."

"ஆ, இப்ப சரி. நண்டு கவ்வின மாதிரி இரிக்கி. என்ட மோதிரம் நெளியப் போகுது!"

கடைசியில் அவன் கையை உருவிக்கொண்டு போவான். ஒவ்வொரு நாளும் உருவித்தான் எடுத்தான். நானாக அவன் கையை விட்டது ஒரு நாளும் இல்லை. வாய்க்கால்களையும் மிஷினையும் சோதித்த நான் அதைக் கவனிக்கவில்லை. மிஷின் எனக்காகக் கையை மடக்கியது போல, என் தம்பி எனக்காகக் கையை விடுவித்துக்கொண்டிருந்தான்.

நிக்காஹ் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் நடந்தது. மாப்பிள்ளை ரிஸ்வான், மருதமுனைப் பையன், பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். ஜவாத் அந்தத் துணியில் தைத்த புது ஷேர்ட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஏதும் பிசகினால் என்று. மௌலவி என்னைப் பார்த்தார். நான் இடது கையால் வலது கையைத் தூக்கி முன்னால் வைத்தேன். ரிஸ்வான் தன் கையை அதற்குள் வைத்தார். மூடினேன். விரல்கள் ஒவ்வொன்றாக அவர் கையைச் சுற்றிக்கொண்டன. காற்றுக் குழாய் இல்லை, ஒரு மிஷினும் இல்லை. மௌலவி சொல்லச் சொல்ல, நானும் சொன்னேன். "தந்தேன்" என்ற சொல்லில் மட்டும் நாக்குத் தடுக்கியது, திரும்பச் சொன்னேன். ரிஸ்வான் ஏற்றுக்கொண்டேன் என்றார்.

மௌலவி துஆப் பிரார்த்தனைக்காகக் கைகளை உயர்த்தினார். பள்ளியில் இருந்த எல்லோரும் உயர்த்தினார்கள். நாங்கள் இருவர் மட்டும் கோர்த்தபடி இருந்தோம்.

விடச் சொல்லிக் கைக்குச் சொன்னேன். கை இன்னும் இறுகியது. பதற்றம் கூடினால் தசை மேலும் இறுகும் என்று சுகந்தி மிஸ் சொல்லியிருந்தார், அதை அப்போதுதான் நம்பினேன். வியர்வை காதோரம் இறங்கியது. துஆ முடிந்தது, ஆமீன் சொன்னார்கள், எங்கள் கைகள் அப்படியே. வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொருவர்.

ஜவாத் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"காக்கா, மாப்பிள்ள எங்கயும் ஓட மாட்டார். உங்கட ஊட்டுக்குத்தானே வாறார். கைய உடுங்க!"

பள்ளி என்றும் பாராமல் சிரித்தார்கள். மௌலவியும் தாடியைத் தடவிக்கொண்டார். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்தவர் பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். நான் யாரையும் அனுப்பிவைக்க வேண்டியதில்லை, பிடித்து வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கை திறக்கவில்லை.

ரிஸ்வான் இழுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். வேறு யாராக இருந்தாலும் உருவியிருப்பார்கள். அவர் தன் மற்றக் கையால் என் முழங்கையைத் தாங்கி, என் மணிக்கட்டை மெதுவாகக் கீழ்ப்பக்கம் மடக்கினார். மடக்க மடக்க விரல்கள் தாமாகத் தளர்ந்தன. கடைசியாகப் பெருவிரலை வெளியே எடுத்துவிட்டார்.

"மணிக்கட்ட மடக்கினாத் திறக்கும் மாமா," என்றார் என் காதில். "ஸீனத் சொல்லித் தந்த. அவக்கு அந்த மிஸ் சொல்லிக் குடுத்திரிக்கி."

"எப்ப?"

"நோன்புக்குள்ளயே."

ஆக, எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடந்திருக்கிறது. என் மகள், என் இயன்மருத்துவர், இன்னும் வீட்டுக்கு வராத என் மருமகன், மூவரும் என் கை திறக்காது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். என்னிடம் சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோபப்பட நினைத்தேன். கோபத்துக்கு முன்னால், எனக்கு அது தேவைப்பட்டதே என்பது வந்து நின்றது. அன்று மாலை விருந்துக்குச் சுகந்தி மிஸ் வந்திருந்தார். நான் அவரிடம், "விரிக்கிற பயிற்சிய எத்தனை மணிக்கு வச்சிக்குவம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, தலைமை ஆசிரியைக் குரலில் ஒரு நேரம் சொன்னார்.

மறுநாள் காலை, சுபஹ் தொழுதுவிட்டு வந்து, மழைமானியிடம் போவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் வலது கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்தேன். கையுறை இல்லாமல், சுட்டுவிரலை மட்டும் மேலே தூக்கப் பார்த்தேன். புது மருமகன் புதுச் சாரனோடு வாசலில் வந்து நின்றார்.

"உதவி செய்யவா மாமா?"

"வேணாம் மகன். இப்பிடி முன்னால இரிங்க. பாத்துக்கிட்டு மட்டும் இரிங்க, தொடக் கூடா."

அவர் உட்கார்ந்தார். நேரம் போனது. குசினியில் ஹாஜறா கோப்பை கழுவும் சத்தம் நின்றது. சுட்டுவிரல் மேசையை விட்டு ஒரு நெல்மணி உயரத்துக்கு எழும்பி, மறுபடி படுத்தது.

"தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா," என்று ரிஸ்வான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "ரெண்டும் இஞ்ச இரிக்கி."